ஒரே செபப் புத்தகத்துக்கு ஏன் இரண்டு எண்?

மாடிப்படி:
நியூயார்க் மார்கன் நூலகத்தில் இருக்கும் கேத்தரின் ஆஃப் கிளீவ்ஸ் செபப் புத்தகத்தின் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1440 வாக்கில் நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகரில் செய்தது. புனித அம்புரோஸ் படத்தைச் சுற்றி ஓரம் முழுக்க மட்டிகள், கீழே ஒரு நண்டு! சந்தேகம் என்னவென்றால், சில படங்களுக்கு எம் 917 என்றும் சிலவற்றுக்கு எம் 945 என்றும் எண் போட்டிருக்கிறார்கள். முதலிலிருந்தே இரண்டு பாகமா?

நூல்கட்டி:
ஒரே புத்தகம்தான். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பாரிஸ் வியாபாரி தெஷ்னேர் கைக்கு வந்தது. அவர் அதை இரண்டாக்கி விற்றார். நான் பைண்டிங் தொழில் செய்கிறவன். அந்த ஆளின் சாமர்த்தியம்தான் எனக்கு எரிச்சல். நடுவில் வெட்டியிருந்தால் வாங்குகிறவருக்குத் தெரிந்துபோகும். அவரோ தையலைப் பிரித்து, ஏடுகளைக் கலைத்து, இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று சேர்த்து, இரண்டையும் முழுப் புத்தகம் மாதிரி கட்டவைத்தார். தோல் ஏடு, அதனால் பிரித்துக் கட்டினாலும் தாங்கியது. ஒன்று ஆரென்பெர்க் பிரபு குடும்பத்துக்கு, மற்றது ராத்ஸ்சைல்ட் குடும்பத்துக்கு.

கடலோரம்:
வாங்கியவர்கள் படித்தே பார்க்கவில்லையா? பாதி இல்லை என்று தெரியாதா?

நூல்கட்டி:
எப்படித் தெரியும்? இவ்வகைச் செபப் புத்தகம் ஆளுக்கு ஆள் மாறும். எந்தப் புனிதர் வேண்டும், எந்தச் செபம் வேண்டும் என்பது செய்யச் சொன்னவர் விருப்பம். பத்துப் புனிதர் குறைந்தால், அவர்களைக் கேட்கவில்லை போலிருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். ராத்ஸ்சைல்டிடம் இருந்த பாதி வெளியே வந்த பிறகுதான் குட்டு உடைந்தது. அதை மார்கன் 1963இல் வாங்கியது, இன்னொன்றை 1970இல். வந்த வரிசையில் எண், அவ்வளவுதான். 2010இல் கண்காட்சிக்காகப் பிரித்தபோது ஏடுகளைப் பழைய வரிசைப்படி வைத்துக் காட்டினார்கள்.

செண்பகம்:
முதல் சொந்தக்காரியை விட்டுவிட்டீர்களே. கேத்தரின் கெல்டர்ஸ் நாட்டுக் கோமகள். இந்தப் புத்தகத்தில் ஏழைகளுக்குக் காசு கொடுப்பதாக ஒரு படம் உண்டு, பரம சாது போல. 1465இல் மகன் அடால்ஃப், அப்பா ஆர்னல்டைச் சிறையில் போட்டபோது அம்மா மகன் பக்கம்தான்! புருஷனோடு அவ்வளவு பகை.

மாடிப்படி:
அடேயப்பா! நன்றி எல்லோருக்கும். குழந்தை இயேசு நடைவண்டியில் நடக்க, சூசையப்பர் மரம் இழைக்க, மாதா தறியில் உட்கார்ந்திருப்பாரே, அது எந்தப் பாதியில்?

நூல்கட்டி:
எம் 917, 149ஆம் பக்கம். சூசையப்பர் இழைப்புளி பிடித்திருக்கும் பிடியைப் பாருங்கள், வேலை தெரிந்தவன் வரைந்தது. நரகத்தின் வாய் படம் வேண்டுமானால் எம் 945க்குப் போகணும்.