நீரிழிவு விழித்திரை நோய்: சிகிச்சைக்குச் செய்யும் செலவு மிச்சமா, நட்டமா?

கேள்வி:
என் உறவினருக்கு நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டுள்ளது. லேசரும் கண்ணுக்குள் செலுத்தும் ஊசியும் தேவை என்கிறார்கள். செலவையும் பறிபோகும் வேலைநாள்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் இவை பயன் தருமா என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
லேசரைப் பொறுத்தவரை ஐயத்துக்கு அதிக இடமில்லை. புதிய இரத்தக் குழாய்கள் முளைத்த கண்களில் லேசர் செய்தால் கடுமையான பார்வையிழப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்று 1976இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. பக்கப் பார்வையும் இரவுப் பார்வையும் சற்றுக் குறையலாம் என்பது உண்மையே. ஆயினும் பார்வை போனால், அவருடைய வருமானத்தோடு, கைபிடித்து அழைத்துச் செல்பவரின் வருமானமும் சேர்ந்தே நின்றுபோகும்; செலவுக் கணக்குப் போடுபவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான்.

பதில் 2:
ஊசியின் கணக்கு வேறு. விழித்திரையின் மையப்பகுதியான மாகுலாவில் ஏற்படும் வீக்கத்துக்கு முதல் ஆண்டில் பல ஊசிகள் தேவைப்படும். பாதியில் நிறுத்தினால் வீக்கம் திரும்பக்கூடும். மருந்துகளுக்கிடையே விலை வேறுபாடு மிகப் பெரிது. பார்வைக் குறைவு லேசாக இருந்தவர்களுக்கு, விலை மலிந்த பெவாசிசுமாப் மருந்தும் அஃப்லிபெர்செப்ட், ரானிபிசுமாப் ஆகிய மற்ற இரண்டு ஊசி மருந்துகளைப் போலவே பலன் தந்தது என்றும், பார்வை மோசமாக இருந்தவர்களுக்கு முதல் ஆண்டில் அஃப்லிபெர்செப்ட் கூடுதல் பலன் தந்தது என்றும் 2015இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வு கூறியது. எந்த மருந்து, ஏன் என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

பதில் 3:
இரண்டாவது கண்ணையும் மறக்க வேண்டாம். நோய் முற்றும்வரை பார்வை தெளிவாகவே இருக்கக்கூடும் என்பதால், கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்திட்டுச் செய்யும் பரிசோதனையை மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் தவறாமல் செய்ய வேண்டும். அதன்பின் சில மணி நேரம் எழுத்துகள் மங்கும், வெயில் கூசும். அன்று வண்டி ஓட்ட வேண்டாம்.