மூலதன ஆதாய வரிக்காக சியாட்டிலை விட்டுப் போவதா?

குடையில்லாதவன்:
சியாட்டிலை ஒட்டிய பெல்வியூவில் பல் மருத்துவமனை ஒன்றின் மேல்மாடியில் எங்கள் நிறுவனம். மொத்தம் பதினோரு பேர். சென்ற வாரம் மதியச் சாப்பாட்டின்போது முதலாளி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "எல்லோரும் ஆஸ்டினுக்குப் போய்விடலாமா?" என்று கேட்டார். வாஷிங்டன் மாநிலத்தின் மூலதன ஆதாய வரிதான் காரணம்; பங்கு போன்றவற்றை விற்ற லாபத்தின் மேல் போடுவது. ஆஸ்டின் இருக்கும் டெக்சாஸில் அது இல்லை. 2022 முதல் 7 சதவீதம். 2025 முதல் 10 லட்சம் டாலரைத் தாண்டும் பகுதிக்கு 9.9. மூளையை நம்பிப் பிழைக்கும் ஊர் இப்படி வரி போட்டால் தேய்ந்துவிடும் என்கிறார். என் மனைவிக்கு இங்கே வேலை, மகள் இரண்டாம் வகுப்பு. நிறுவனப் பங்கு என்னிடமும் கொஞ்சம் இருக்கிறது. அவர் சொல்வதில் நியாயம் உண்டா, இல்லை அவருடைய வரிக்காக நான் வீடு மாறப் போகிறேனா?

கணக்குப்பிள்ளை:
தம்பி, முதலில் அந்த வரி உங்களைத் தொடுகிறதா என்று பாருங்கள். ஓர் ஆண்டின் நீண்டகால ஆதாயம், அதாவது ஓராண்டுக்கு மேல் வைத்திருந்ததை விற்ற லாபம், இரண்டரை லட்சம் டாலரைத் தாண்டினால்தான் வரி. விலைவாசியை ஒட்டி அந்த வரம்பும் ஏறிவந்திருக்கிறது. வீடு விற்ற பணம் இதில் சேராது. பெரிய நிறுவனத்தார் கொடுக்கும் பங்கு, கைக்கு வரும் நாளில் சம்பளக் கணக்கு. அதன் பிறகு ஏறியது மட்டுமே ஆதாயம். உங்களுடையதைப் போன்ற சிறு நிறுவனத்தில், விற்கும் நாளில் மொத்தமாக வரும். அன்றும் பெரிய பங்கு யாருக்கு என்பது உங்களுக்கே தெரியும்.

பழைய பெல்வியூ:
முதலாளியை அப்படித் தள்ளிவிட முடியாது. அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் 2023 நவம்பரில் சியாட்டிலை விட்டு, இந்த வரி இல்லாத ஃபுளோரிடாவின் மயாமிக்குப் போவதாக அறிவித்தார். பெற்றோருக்கு அருகில் இருக்க வேண்டும், தன் ராக்கெட் நிறுவனத்தின் வேலையும் அந்தப் பக்கம் என்றார். வரியைப் பற்றிப் பேச்சே இல்லை. 2024 பிப்ரவரியில் சுமார் 850 கோடி டாலர் பங்கை விற்றார். அதற்கு 7 சதவீதம் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 60 கோடி. இந்த வரியில் முதல் ஆண்டு மாநிலம் முழுவதும் வசூலானதே 80 கோடியை ஒட்டித்தான். அடுத்த ஆண்டு கிட்டத்தட்டப் பாதி. குழந்தைக் காப்பகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒதுக்கிய பணம், சந்தையையும் நாலு பேர் பெட்டி கட்டுவதையும் நம்பி நிற்கிறது. ஆனாலும் 2024 நவம்பர் வாக்கெடுப்பில் மக்கள் வரியை நீக்க மறுத்துவிட்டார்கள்.

சன்னிவேல் அக்கா:
நான் கலிபோர்னியாவில் பதினான்கு ஆண்டுகள் இருந்தேன். அங்கே ஆதாயமும் சம்பளமும் ஒன்றுதான்; மாநில வரி 13.3 சதவீதம் வரை போகும். ஊர் தேயவில்லை. நான்கு முறை வேலை மாறினேன், அதில் ஒரு முறை கார் நிறுத்தும் இடம்கூட மாறவில்லை, எதிர்க் கட்டடத்துக்குள் நுழைந்தேன், அவ்வளவுதான். போட்டி நிறுவனத்துக்குப் போகக்கூடாது என்று எழுதி வாங்கினாலும் அங்கே செல்லாது, 1872-இலிருந்து சட்டம் அப்படி. ஒரு நிறுவனத்தை விற்றவர் அந்தப் பணத்தை அடுத்தவருடைய நிறுவனத்தில் போடுவார். ஆஸ்டினில் அந்த எதிர்க் கட்டடம் உங்களுக்கு உண்டா?

எங்களைத் துரத்தியது வாடகை. பக்கத்து வீட்டுப் பெரியவர் எழுபதுகளில் வாங்கியவர். 1978-இல் வந்த சட்டப்படி, வரிக்கான வீட்டு மதிப்பு, வீடு கைமாறும் வரை, ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. அதே அளவு வீட்டுக்குப் புதிதாக வந்தவர் கட்டுவதில் ஒரு துண்டுதான் அவர் கட்டினார். நல்ல மனிதர், எலுமிச்சம்பழம் கொடுப்பார். ஓடவே முடியாத மூலதனம் நிலம். அதைச் செல்லமாக வைத்துக்கொண்டு பங்கு ஓடிவிடும் என்று பயப்படுகிறோம்.

குடையில்லாதவன்:
நன்றி அக்கா. இன்று முதலாளியிடம் நிறுவனத்தை எப்போது விற்கப் போகிறோம் என்று கேட்டேன். முதலில் மார்ச் மாத பில்லுக்கு யாராவது பணம் அனுப்பட்டும் என்றார்.