ஆயாக்கள், சிறப்பாசிரியர்களின் கைத்திறன்: பார்த்ததைச் சொல்லுங்கள்

முல்லை:
மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளியில் வேலை பார்ப்பவர்களைப் "பொறுமைசாலிகள்" என்று ஒரே சொல்லில் பாராட்டிவிட்டுப் போய்விடுகிறோம். அவர்கள் கையில் இருக்கும் தொழில் யார் கண்ணிலும் படுவதில்லை. நீங்கள் கவனித்ததை எழுதுங்கள்.

செம்பருத்தி:
மூளை முடக்குவாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கட்டுக்குள் வராத நிலை) உள்ள பிள்ளைக்கு ஆயா சோறு ஊட்டுவதை ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் இடுப்பை நாற்காலியின் பின்பக்கம் ஒட்ட வைப்பார். பாதம் தொங்காமல் கீழே ஒரு பலகை. முகவாய் லேசாகக் கீழ்நோக்கி இருக்கும். பிறகு அவரும் பிள்ளையின் கண்மட்டத்துக்கு உட்கார்ந்துகொள்வார். நின்றபடி ஊட்டினால் பிள்ளை அண்ணாந்து பார்க்கும், சோறு மூச்சுக்குழாய்ப் பக்கம் போய்ப் புரையேறும்.

குழிவில்லாத சின்ன ஸ்பூனில் பாதியளவுதான் எடுப்பார். நாக்கின் நடுவில் வைத்து லேசாக அழுத்தி, உதடு மூடும்வரை காத்திருந்து, நேராக வெளியே எடுப்பார். மேல்பல்லில் வழித்துவிட மாட்டார்; வழித்தால் தலை பின்னால் சாயும். தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய்.

ரசத்தில் கரைத்த சோறு சுலபமாக இறங்கும் என்று வீட்டில் நினைப்போம். ஆனால் விழுங்கத் தொடங்கும் முன்பே ரசம் ஓடிவிடும், பருக்கை வாயிலேயே நிற்கும். அதனால் பருப்போ தயிரோ விட்டு, ஸ்பூனைச் சாய்த்தாலும் வழியாத பதத்துக்கு மசிப்பார்கள். இருமல் வந்தாலோ, குரல் தண்ணீர் கோத்த மாதிரி களகளவென்று கேட்டாலோ உடனே நிறுத்திவிடுவார். சாப்பிட்டதும் அரைமணி நேரம் படுக்கவிட மாட்டார். ஒரு பிள்ளைக்கே முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்த பிள்ளை பசியில் அழத் தொடங்கியிருக்கும்.

வைகைக்கரை:
நான் சொல்ல வந்தது கால்சட்டை போடப் பழக்குவது. கடைசிப் படியிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். எலாஸ்டிக் வைத்த, ஒரு சைஸ் பெரிய கால்சட்டை. ஆசிரியரே இடுப்புக்குச் சற்றுக் கீழே வரை ஏற்றிவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் பிள்ளைக்கு விடுவார். அது கைவந்ததும் தொடையிலிருந்து, அப்புறம் முழங்காலிலிருந்து. முடித்துவிட்ட சந்தோஷம் ஒவ்வொரு முறையும் பிள்ளைக்கே கிடைக்கிறது.

"மேல இழு" என்று ஒரு தடவை சொல்லிவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுவார். அந்தப் பத்துக்குள் நாம் கை நீட்டினால் எல்லாம் போச்சு. வீட்டில் கெடுவதும் இங்கேதான்: காலை அவசரத்தில் நாமே மாட்டிவிடுவோம், "போடு", "ஏத்து" என்று ஆளுக்கொரு சொல் சொல்வோம். எந்தச் சொல்லைப் பழக்குகிறார்கள் என்று ஆசிரியரிடம் கேட்டு அதையே சொல்லுங்கள்.

குற்றாலச் சாரல்:
எங்கள் பக்கம், தென்காசி அருகே ஆய்க்குடியில், மாற்றுத்திறனாளிகளுக்கான தொண்டு நிறுவனமான அமர் சேவா சங்கம் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கியது. அங்கிருந்து களப்பணியாளர்கள் வீடு தேடி வருகிறார்கள். இந்த மாதிரி வேலையில் நல்ல களப்பணியாளர் விலையுயர்ந்த கருவி எதையும் கேட்பதில்லை. சுருட்டிய போர்வை நெஞ்சுக்கு அடியில் போனால் தலைதூக்கும் பயிற்சி, சொம்பும் மூடியும் இருந்தால் கைப்பயிற்சி. அம்மாவைச் செய்யச் சொல்லித் தான் பார்த்துத் திருத்துவதுதான் அவர் வேலை.

பள்ளி வேன் உதவியாளர்களையும் விட்டுவிடாதீர்கள். வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுப்பது, வாயில் ஸ்பூன் திணிப்பது இரண்டையும் தடுத்து, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்ப்பார்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

செம்பருத்தி:
பாராட்ட நினைக்கிறவர்களுக்கு ஒன்று. நாற்பது கிலோ பிள்ளையைக் கழிப்பறைக்குத் தனியாளாகத் தூக்குவதால்தான் ஆயாக்களுக்கு இடுப்பு போகிறது. இன்னொரு ஆள் போடச் சொல்லி நிர்வாகத்திடம் கேளுங்கள், சம்பளம் தேதிக்கு வருகிறதா என்று விசாரியுங்கள். கையுறையும் பெரியவர்களுக்கான டயபரும் வாங்கிக் கொடுங்கள். பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுபோனால், யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குத் தொண்டையில் அடைக்கும் என்று முதலில் ஆயாவிடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.