ஆமணக்கு எண்ணெயில் செய்த நைலான் மண்ணில் மட்குமா?

கொட்டமுத்து:
லாரி ஏர் பிரேக்குக்குப் போடுகிற குழாய் ஆமணக்கு எண்ணெயிலிருந்து வருகிறது என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். தொட்டுப் பார்த்தால் சாதாரண நைலான் மாதிரிதான் இருக்கிறது. எண்ணெய் எப்படி இவ்வளவு கெட்டியாகும்? தேங்காய் எண்ணெயிலும் முடியுமா? செடியிலிருந்து வந்ததுதானே, மண்ணில் போட்டால் மட்கிவிடுமா?

பாலிமர்பித்து:
அது நைலான் 11. ஆமணக்கு எண்ணெயின் கொழுப்பு அமிலத்தில் 85 முதல் 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம்தான். 18 கார்பன் சங்கிலி, 9க்கும் 10க்கும் நடுவே இரட்டைப் பிணைப்பு, 12ஆவது கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி), விஷயமே இந்த அமைப்பில்தான் இருக்கிறது. எண்ணெயை மெத்தனாலோடு சேர்த்து எஸ்டராக்கி, 500 டிகிரி செல்சியஸ் சுமாருக்குச் சூடேற்றினால் சங்கிலி 11க்கும் 12க்கும் நடுவே சரியாக அறுகிறது. 7 கார்பன் துண்டு ஹெப்டனல் என்கிற ஆல்டிஹைடு, அது வாசனைப் பொருள் செய்கிறவர்களுக்குப் போய்விடும். 11 கார்பன் துண்டை அமிலமாக்கி, அதன் கடைசி முனையில் ஹைட்ரஜன் புரோமைடு ஏற்றி, அப்புறம் அமோனியாவால் புரோமினை வெளியேற்றினால் ஒரு பக்கம் அமீன் (நைட்ரஜன் உள்ள தொகுதி), மறுபக்கம் அமிலம். இவை ஒன்றின் தலையை இன்னொன்றின் வால் பிடித்துக்கொண்டு, தண்ணீரை விட்டுவிட்டு நீள்கிறபோது நைலான் ஆகிறது.

தேங்காய் எண்ணெயில் சுமார் பாதியளவு இருக்கும் லாரிக் அமிலத்துக்கு 12 கார்பன் இருக்கிறது, ஆனால் இரட்டைப் பிணைப்பு இல்லை. வினைபுரிய ஒரே ஒரு முனைதான், அதை வைத்து நீளமாகக் கோர்க்க முடியாது.

வயல்வரப்பு:
மட்காது, தயவுசெய்து வயலில் போடாதீர்கள்! செடியிலிருந்து வந்தது என்றால் கார்பன் காற்றிலிருந்து வந்தது என்றுதான் அர்த்தம், மண்ணுக்குள் போன பிறகு பெட்ரோலிய நைலானைப் போலத்தான் கிடக்கும். ஈரத்தை அதிகம் உறிஞ்சாமல் பல வருஷம் உழைக்கும் என்பதற்காகத்தானே பிரேக்குக்கே எடுக்கிறார்கள். அந்த மெத்தனாலும் அமோனியாவும் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவில் செய்தவை, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு இது நல்ல பொருள்தான் என்பது என் கருத்து, ஆமணக்கு பயிரிடும் குஜராத் விவசாயிகளுக்கு நிலையான சந்தை கிடைக்கிறது. ஆனால் பிண்ணாக்கில் ரிசின் விஷம் இருக்கிறது, மாட்டுக்கு வைக்காமல் உரமாக மட்டும் போடுங்கள்.

கொட்டமுத்து:
சரி, அப்போ பழைய குழாயை என்ன செய்வது?

பாலிமர்பித்து:
190 டிகிரி அளவில் உருகும், மறுபடி வார்க்கலாம். முதலில் குழாய் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள்: பிஏ11 (PA11, அதாவது நைலான் 11) என்றால் ஆமணக்கு, பிஏ12 (நைலான் 12) என்றால் வழக்கமாகப் பெட்ரோலியம். பிரேக் குழாய் இரண்டிலும் வருகிறது, பழைய இரும்புக் கடையில் போடும்போது கலந்துவிடாதீர்கள்.