கன்று வீசிய மாடு, அம்மாவுக்குக் காய்ச்சல்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கமுங்க. காங்கயம் பக்கம் எங்கள் கட்டுத்தரையில் நாலு உருப்படி. மூன்று வாரம் முன்னால் செவலை மாடு ஏழாம் மாதத்திலேயே கன்று வீசிவிட்டது. விழாமல் தொங்கிய நஞ்சுக்கொடியை அம்மா வெறுங்கையால் எடுத்துப்போட்டார். விரலில் புல்லறுத்த காயம் வேறு. இப்போது சாயங்காலமானால் காய்ச்சல், இடுப்புவலி, சேலை நனைகிற அளவுக்கு வேர்வை. மருத்துவரிடம் மாட்டு விஷயத்தைச் சொல்லாமல் வந்துவிட்டார். நாளைக்கு நானே கூட்டிப்போய்ச் சொல்கிறேன்.

இது புரூசெல்லாவாக இருக்குமோ என்று பயம். மாட்டைக் கன்று வீசவைத்து, மனிதருக்கும் தொற்றிக் காய்ச்சல் தரும் இந்தக் கிருமி, பார்வைக்கு நன்றாக இருக்கிற மாட்டின் மடியிலும் தங்கிப் பாலில் இறங்கும். காய்ச்சாத பாலை யாரும் தொடுவதில்லை இப்போது.

மற்ற மாடுகளின் ரத்தத்தை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் பரிசோதித்தவர்கள் இருக்கிறீர்களா? எப்படிக் கொண்டுபோனீர்கள்? அப்புறம், ஐந்து மாதக் கிடாரிக் கன்று ஒன்று நிற்கிறது. இந்தக் கிருமிக்கு எதிராக 4 முதல் 8 மாதத்துக்குள் போடும் தடுப்பூசி இப்போது எங்கே கிடைக்கும்?