துவைத்த பிறகும் குயில்ட்டில் பழைய சுருக்கம் வரவில்லை, உதவுங்கள்

கேள்வி:
பல வருடம் புழங்கிய குயில்ட்டில் (துணித் துண்டுகளை இணைத்து, நடுவே பஞ்சு அடுக்கு வைத்துத் தைக்கும் போர்வை) தையலை ஒட்டிச் சின்னச் சின்னச் சுருக்கம் விழுந்து மெத்தென்று இருக்குமே, அந்தத் தோற்றம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதற்காகவே பழுப்பு, வெளிறிய நீலம், செங்கல் சிவப்பு என்று பார்த்துப் பார்த்து எடுத்துத் தைத்தேன். துவைத்துக் காயவைத்தால் புதுசு போலத் தட்டையாகவே இருக்கிறது. உள்ளே வைத்த பஞ்சு அடுக்கு, அதாவது பேட்டிங், பாலியெஸ்டர். துணிகளை வெட்டும் முன்பே அலசி இஸ்திரி போட்டுவிட்டேன். தேயிலைத் தண்ணீரில் முக்கினால் சரியாகுமா?

பதில் 1:
சுருக்கம் பிறப்பது முதல் சலவையில்தான். பருத்தி பேட்டிங் அப்போது 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்கும். தையல் துணியை இழுத்துப் பிடித்திருப்பதால், மிஞ்சிய துணி தையலின் இருபுறமும் புடைத்துக்கொள்ளும். உங்கள் பாலியெஸ்டர் சுருங்கவில்லை, துணியோ முன்பே சுருங்கிவிட்டது. அப்புறம் எது இழுக்கும்? அடுத்த முறை பருத்தி பேட்டிங்கும் அலசாத பருத்தித் துணியும் வையுங்கள். தையல் வரிசைகள் நெருக்கமாக இருக்கட்டும். 60 அங்குலப் போர்வை 3 அங்குலம் வரை குறையலாம், அதற்கேற்பப் பெரிதாக வெட்டுங்கள். துவைத்த பிறகு இஸ்திரி வேண்டவே வேண்டாம்.

பதில் 2:
தேயிலை நிறத்தைத்தான் மாற்றும், சுருக்கம் தராது. அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் நாளடைவில் நூலிழையையும் பலவீனமாக்கும். 19-ஆம் நூற்றாண்டுக் குயில்ட் சிலவற்றில் அடர்பழுப்புத் துண்டுகள் மட்டும் பொடிந்து உதிர்ந்திருக்கும், பக்கத்துத் துண்டு நன்றாகவே இருக்கும். இரும்பும் டானினும் கலந்த சாயம் செய்த வேலை அது. ஆசையாகத் தைத்ததற்கு அந்தக் கதி வேண்டாம். அச்சுத் துணியின் உள்பக்கத்தை வெளியே வைத்துத் தைத்துப் பாருங்கள், வெயிலில் வெளிறியது போலவே தெரியும். நடுவில் எங்காவது ஒரு கட்டத்தில் பொருந்தாத துணி ஒன்றையும் வையுங்கள். அந்தக் காலத்தில் துணி தீர்ந்தால் கையில் கிடைத்ததை வைத்துத்தானே தைத்தார்கள்!

கேட்டவர்:
இப்போது புரிந்தது, இருவருக்கும் நன்றி. அலசாமல் தைத்தால் அந்தச் சிவப்பு சாயம் விடாதா? தைத்து முடித்ததை என்ன செய்வது?

பதில் 1:
சிவப்பில் ஒரு துண்டை வெள்ளைத் துணியோடு வெந்நீரில் அரை மணி நேரம் போட்டுப் பாருங்கள். சாயம் இறங்கினால் அதை மட்டும், தண்ணீர் தெளியும்வரை அலசிவிட்டுத் தையுங்கள். முடித்த போர்வையில் தடித்த பருத்தி நூலால் கையால் ஓட்டுத் தையல் போடுங்கள், நூலைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தபடி. ஒவ்வொரு தையலிலும் சின்னக் குழி விழும். முதலில் ஒரு மூலையில் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.