சித்தப்பா ரயில் பிடிக்க அவகாசம் கேட்டேன்

வஞ்சப்புகழ்ச்சியாக எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். முதலில் என் கதை.

1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணக்க வருபவர்கள் பதிவாளரிடம் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள். சட்டத்தின் நிபந்தனை மீறப்படுகிறது என்று 30 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். வீட்டுக்குத் தெரியாமல் வந்த ஜோடியின் பெயரும் முகவரியும் சுவரில்! நேராகத் திட்டினால் யார் படிக்கிறார்கள் என்று ஒரு நாளிதழுக்கு இப்படி எழுதினேன்: "30 நாள் எப்படிப் போதும்? பெண்ணின் சித்தப்பா வெளியூரிலிருந்து ரயில் பிடித்து வர வேண்டாமா? 90 நாளாக்குங்கள். அரிவாள் தீட்டவும் அவகாசம் வேண்டும்."

இடம் போதவில்லை என்று கடைசி வரியை வெட்டிவிட்டார்கள். அரிவாள் போனது, சித்தப்பாவும் ரயிலும்தான் மிச்சம். மறுநாள் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, பொறுப்போடு எழுதியிருக்கிறீர்கள். 90 நாள்கூடக் குறைவுதான்." மறுத்துப் பேச வாய் வரவில்லை. நன்றி என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த நன்றிதான் இன்றுவரை உறுத்துகிறது.

மற்றொருவர்:
வள்ளுவருக்கே இந்த ஆபத்து உண்டு ஐயா. கயவர்கள் தேவர்களைப் போன்றவர்கள், ஏனென்றால் அவர்களும் நினைத்ததையெல்லாம் செய்கிறார்கள் என்கிறார். 'தேவர் அனையர் கயவர்' என்பதோடு வெட்டியிருந்தால் கயவர்கள் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள்.

எனக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. இந்து திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவில், தக்க காரணமின்றி விலகிப்போன துணையைச் சேர்ந்து வாழும்படி நீதிமன்றம் ஆணையிடலாம். ஆணைக்குப் பிறகும் ஓராண்டு சேராமலே இருந்தால் அதைக் காட்டியே விவாகரத்துக் கேட்கலாம். இதை ஓர் எழுத்துகூட மிகைப்படுத்தாமல் எழுதினேன். "பிரமாதமான கற்பனை, சிரித்து மாளவில்லை" என்று வாசகர் கடிதம் வந்தது. பிரிவு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் போட்டேன். அதையும் நகைச்சுவையின் தொடர்ச்சி என்றே எடுத்துக்கொண்டார்.

இன்னொருவர்:
பத்திரிகையில் கத்தரி வாலில்தான் விழும், அண்ணா. குத்தலை முதல் வரியிலேயே வைத்துவிடுங்கள். நான் அப்படித்தான் தப்பிக்கிறேன்.

முதலில் எழுதியவர்:
தங்கை சொன்னபடியே செய்தேன். அரிவாளைத் தலைப்பிலேயே வைத்து அனுப்பினேன். இன்று காலை வெளிவந்துவிட்டது. தலைப்பை 'திருமணமும் பொறுமையும்' என்று மாற்றியிருக்கிறார்கள்.